இருக்கம் தீவுக்குப் போன நாள்



போன வாரம் நம் மையத்தில் ஒரு பாட்டி என்னைக் கேட்டார். "ஏம்மா, நம்ம ஆத்துத் தண்ணி இங்கிருந்து எங்கே போவுது?" என்று கேட்டார். நல்ல கேள்வி. நான் அன்று சுருக்கமாகப் பதில் சொன்னேன். "கடலுக்குப் போகுது ஆயா" என்றேன். அது சரியான பதில்தான். ஆனால் முழுப் பதில் இல்லை. அந்தத் தண்ணீர் போகிற இடத்தில் நான் ஒரு நாள் போட்டில் மாட்டிக்கொண்டேன். அந்தக் கதையை இன்று சொல்கிறேன்.

நம் நாராயணவனத்தை ஒட்டி ஓடுவது ஆரணியாறு. சிலர் அருணா நதி என்றும் சொல்வார்கள். கார்வேட்டிநகரம் பக்கத்து மலைகளில் மழை பெய்தால் நம் ஆற்றில் தண்ணீர் வரும். இங்கிருந்து பிச்சாட்டூர் அணைக்குப் போகும். அணை நிரம்பித் திறந்துவிட்டால் ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், பொன்னேரி என்று ஓடும். கடைசியில் பழவேற்காடு ஏரியைச் சேரும். அந்த ஏரியிலிருந்து முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போகும்.

பழவேற்காடு ஏரி என்றால் நம் ஊர் ஏரி மாதிரி இல்லை. கலங்கல், மதகு, கரை எல்லாம் கிடையாது. அது கடலுக்குப் பக்கத்தில் கிடக்கிற உப்புத் தண்ணீர். ஆற்றுத் தண்ணீரும் கடல் தண்ணீரும் கலந்து நிற்கும். நம் நாட்டில் இப்படிப்பட்ட ஏரிகளில் ஒடிசாவில் உள்ள சிலிகா ஏரிதான் பெரியது. அதற்கு அடுத்தது இதுதான். ஏரியின் பெரும்பகுதி நம் ஆந்திராவில் இருக்கிறது. தெற்குப் பகுதி தமிழ்நாட்டில் இருக்கிறது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் விடுகிறார்களே, அந்த இடம்.

அந்த ஏரிக்குள் இருக்கம் என்று ஒரு தீவு. தடா மண்டலத்தைச் சேர்ந்தது. முன்பு நெல்லூர் மாவட்டம். 2022 ஏப்ரல் 4-ஆம் தேதி திருப்பதி மாவட்டம் உண்டானது. அன்று முதல் அவர்களும் நாமும் ஒரே மாவட்டம். அங்கே தமிழ் பேசுகிற மீனவர்கள் இருக்கிறார்கள். அங்கே போக, பீமுலவாரிபாளையம் என்ற இடத்தில் போட்டு ஏற வேண்டும். தேர்தல் வந்தால் ஓட்டுப் பெட்டியும் போட்டில்தான் போகும்.

எனக்கும் அந்தத் தீவுக்கும் என்ன சம்பந்தம்? எங்கள் நைனா துணி வியாபாரி. பெரிய வியாபாரம் இல்லை. தறிக்காரர்களிடம் கைலியும் துண்டும் வாங்குவார். மூட்டை கட்டித் தோளில் போட்டுக்கொள்வார். ஊர் ஊராகப் போய்த் தவணைக்குக் கொடுப்பார். மாதம் ஒரு முறை இருக்கம் தீவுக்குப் போவார். அவருக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். கணக்கெல்லாம் தலைக்குள் இருக்கும். நான் பத்தாவது முடித்த பிறகு, "நீ நோட்டுல எழுதும்மா" என்றார். அதனால் விடுமுறை நாளில் நானும் கூடப் போவேன்.

இந்தக் கைலி வியாபாரத்துக்கும் அந்த ஏரிக்கும் பழைய உறவு உண்டு. ஏரியின் தெற்குக் கரையில் இருப்பது பழவேற்காடு ஊர். நானூறு வருஷத்துக்கு முன்னால் டச்சுக்காரர்கள் அங்கே கப்பலில் வந்தார்கள். 1613-இல் ஒரு கோட்டை கட்டினார்கள். எதற்காக வந்தார்கள்? துணிக்காக. நம் பக்கத்து நெசவாளர்கள் நெய்த கட்டம் போட்ட துணிகளை வாங்கிக் கப்பலில் ஏற்றினார்கள். கிழக்கே உள்ள தீவுகளில் அந்தத் துணியைக் கொடுத்துவிட்டு மிளகும் கிராம்பும் வாங்கினார்கள். மனிதர்களைக் கூட அடிமைகளாக வாங்கி அந்தத் துறையிலிருந்து ஏற்றிப் போனார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும். பழவேற்காடு என்று சொல்ல அவர்களுக்கு வாய் வரவில்லை. பாலியாகாட் என்றார்கள். அப்படித்தான் 'பாலையக்காட் லுங்கி' என்ற பெயர் வந்தது. மலேசியாவில் இன்றும் கட்டம் போட்ட கைலிக்கு 'கைன் பெலிக்காட்' என்று பெயர். நைனாவிடம் இதைச் சொன்னேன். "அப்போ நான் கப்பல் வியாபாரின்னு சொல்லு" என்று சிரித்தார்.

சரி, கதைக்கு வருகிறேன்.

2022 நவம்பர் மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலை பஸ்ஸில் பிச்சாட்டூர், சத்தியவேடு வழியாகத் தடா போனோம். இரண்டு மூட்டை இருந்தது. வானம் மூடிக் கிடந்தது. லேசாகத் தூறியது. நவம்பரில் தூறாமல் இருக்குமா? நாங்கள் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

துறைக்குப் போனபோது போட்டு தயாராக இருந்தது. நாங்கள் ஒன்பது பேர் ஏறினோம். டீசல் இன்ஜின் போட்டு. ஓட்டுபவர் பின்னால் நின்றார். முன் பக்கத்தை அவர்கள் அணியம் என்று சொல்வார்கள். நான் அணியத்தில் உட்கார்ந்தேன். ஏரி எண்ணெய் ஊற்றின மாதிரி அசையாமல் இருந்தது. தூரத்தில் பூநாரைகள் வரிசையாக நின்றன. தண்ணீர் அங்கே முழங்கால் அளவுகூட இருக்காது. அந்த ஏரி அகலம்தான், ஆழம் இல்லை. பல இடங்களில் நடந்தே போகலாம். போட்டு போகிற வழி மட்டும் ஆழமாக இருக்கும்.

ஓட்டுபவர் கிழக்கே கையைக் காட்டினார். "அங்கதான் பக்கிங்காம் கால்வாய் போவுது" என்றார். அந்தக் கால்வாயைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். ஆந்திராவில் பெத்தகஞ்சாமிலிருந்து சென்னை வழியாக மரக்காணம் வரைக்கும், சுமார் 420 கிலோமீட்டர். 1800-களின் தொடக்கத்தில் சென்னைக்கு வடக்கே வெட்டத் தொடங்கினார்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நீட்டினார்கள். 1877, 1878-இல் பெரிய பஞ்சம். தாது வருஷத்துப் பஞ்சம் என்று நம் பெரியவர்கள் சொல்வார்களே, அதுதான். அப்போது பசியால் வந்த ஜனங்களுக்குக் கூலி கொடுத்துச் சென்னை ஊருக்குள் சுமார் 8 கிலோமீட்டர் வெட்ட வைத்தார்கள். அன்றைக்கு இருந்த கவர்னர் பெயரைக் கால்வாய்க்கு வைத்தார்கள். வெட்டினவர்கள் பெயர் ஒன்றும் இல்லை. ஸ்ரீஹரிகோட்டா காட்டு விறகு அந்த வழியாகத்தான் தோணியில் சென்னைக்குப் போனது. சென்னையில் அடுப்பு எரிந்தது. உப்பும் போனது. பிறகு ரயிலும் லாரியும் வந்தன. புயல்களில் கரை உடைந்தது. மண் மூடியது. போக்குவரத்து நின்றுபோனது.

தீவில் இறங்கினோம். நைனா வழக்கமாக உட்காருகிற ஒரு வீட்டுத் திண்ணை உண்டு. அந்த வீட்டு ஆயாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். ஒரு எழுத்தும் தெரியாது. அவர் எங்களுக்கு டீ கொடுத்தார். வெளியே வந்து வடக்கே பார்த்தார். அப்புறம் சொன்னார்: "காத்து செத்துக் கெடக்குது. செத்த காத்து சும்மா எழுந்திரிக்காது. வித்தது போதும், ஒரு மணிக்குள்ள கெளம்பிடு தம்பி."

நைனா சரி என்றார். ஆனால் கிளம்பவில்லை. ஏன்? ஒரு வீட்டில் 600 ரூபாய் பாக்கி. அந்த வீட்டுக்காரர் வலைக்குப் போயிருந்தார். "வந்துடுவாரு, வந்துடுவாரு" என்று உட்கார்ந்திருந்தோம். அவர் வரவில்லை. மணி இரண்டரை ஆகிவிட்டது. 600 ரூபாய் எங்களுக்குச் சின்னத் தொகை இல்லை. அதனால் நைனா மேல் நான் குற்றம் சொல்ல மாட்டேன்.

துறைக்கு வந்தோம். ஒரே போட்டு நின்றது. "இதான் கடைசி. இதுக்கு மேல நாளைக்குத்தான்" என்றார் ஓட்டுபவர். எல்லோரும் ஏறினார்கள். காய்ச்சலில் துவண்டு கிடந்த ஒரு குழந்தையை அதன் அம்மா தோளில் போட்டிருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஹாஸ்டலுக்குத் திரும்புகிற இரண்டு பையன்கள். அதில் ஒருவன் சைக்கிளோடு வந்தான். கருவாட்டுக் கூடைகளோடு ஒரு அக்கா. அவரிடம் நான்கு கூடை இருந்தது. திங்கட்கிழமைச் சந்தைக்குக் கொண்டு போகிறார். நான் எண்ணினேன். ஓட்டுபவரைச் சேர்த்துப் பதினேழு பேர்.

இப்போது நான் ஒன்று சொல்ல வேண்டும். இதைச் சொல்லத்தான் இன்று பேச வந்தேன்.

அந்தப் போட்டின் உள்பக்கம், இன்ஜின் பக்கத்தில், பெயிண்ட்டில் எழுதியிருந்தது. தெலுங்கு எழுத்து. '10 மந்திகி மிஞ்சி எக்கராது.' அதாவது, பத்துப் பேருக்கு மேல் ஏறக் கூடாது. போட்டில் இருந்தவர்கள் எல்லோரும் தமிழ் பேசுகிறவர்கள். பலருக்கு எழுத்தே தெரியாது. தெரிந்த இரண்டு மூன்று பேருக்கும் தமிழ் எழுத்துதான் தெரியும். 10 என்ற நம்பர் மட்டும் எல்லோருக்கும் தெரியும். நைனா அதைப் பத்தாம் நம்பர் போட்டு என்று நினைத்திருந்தார்! பல வருஷமாக அப்படித்தான் நினைத்திருந்தார்.

நான் தெலுங்கு மீடியத்தில் படித்தவள். எனக்குத் தெலுங்கும் தெரியும், தமிழும் தெரியும். நான் அதைப் படித்தேன். காலையிலேயே படித்தேன். அப்போது ஒன்பது பேர், ஓட்டுபவரோடு பத்து. சரியாக இருந்தது. சாயங்காலம் மறுபடியும் படித்தேன். பதினேழு பேர். வாயைத் திறக்கவில்லை.

ஏன் திறக்கவில்லை? வெளியூர்ப் பெண். வயதில் சின்னவள். சொன்னால் கேட்பார்களா என்று நினைத்தேன். இது ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. ஏழு பேர் இறங்க வேண்டும் என்றால் முதலில் யாரை இறக்குவார்கள்? வெளியூர்க்காரர்களான எங்களைத்தான். இறங்க எனக்கு மனசில்லை. மறுநாள் எனக்கு வேலை இருந்தது. அதனால் பேசாமல் இருந்தேன்.

போட்டு கிளம்பியது. காலையில் போட்டின் பலகை தண்ணீருக்கு மேல் ஒரு முழம் தெரிந்தது. இப்போது ஒரு சாண்தான் தெரிந்தது. சாணுக்கும் முழத்துக்கும் வித்தியாசம் உங்களுக்குத் தெரியும். ஒரு சாண் உயரத்துக்கு அலை வந்தால் போதும், தண்ணீர் உள்ளே வரும். போட்டுக்குள் வந்த தண்ணீர் ஒரு இடத்தில் நிற்காது. போட்டு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே ஓடும். சாய்ந்ததை இன்னும் சாய்க்கும்.

பாதி வழி போயிருப்போம். வடக்கே கருத்திருந்தது. திடீரென்று வாடைக்காற்று எழுந்தது. அதோடு மழை. சும்மா மழை இல்லை, முகத்தில் கல் எறிந்த மாதிரி. கரை தெரியவில்லை. தீவும் தெரியவில்லை. சுற்றிலும் வெள்ளையாக இருந்தது. ஆழம் இல்லாத ஏரிதானே, என்ன அலை வரும் என்று நினைக்கக் கூடாது. ஆழம் இல்லாத தண்ணீரில் அலை குட்டையாக, செங்குத்தாக, ஒன்றன் பின் ஒன்றாக அடிக்கும். ஒன்றிலிருந்து போட்டு எழுந்திருக்கும் முன்னால் அடுத்தது வந்துவிடும்.

மின்னல் வெட்டியது. மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் எண்ணிப் பார்த்தேன். மூன்று எண்ணினால் சுமார் ஒரு கிலோமீட்டர் தூரம். இதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். முதலில் ஒன்பது வரை எண்ணினேன். பிறகு ஆறு. பிறகு எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

ஒரு பெரிய அலை பின்பக்கம் விழுந்தது. இன்ஜின் நின்றுவிட்டது.

இன்ஜின் ஓடுகிற வரைக்கும் போட்டு அலைக்கு முகம் கொடுத்துப் போகும். நின்றுவிட்டால் திரும்பி, அலைக்கு விலாவைக் கொடுக்கும். எங்கள் போட்டும் திரும்பியது. எல்லோரும் அலறினார்கள். ஹாஸ்டல் பையன்கள் எழுந்து நின்றார்கள். இன்னும் மூன்று பேர் எழுந்தார்கள். போட்டு ஒரு பக்கம் படுத்தது. தண்ணீர் குடம் குடமாக உள்ளே வந்தது.

அப்போது கருவாட்டுக்கார அக்கா போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. "உக்காருங்கடா! எவனாச்சும் எழுந்தா நானே தள்ளிடுவேன்! கீழ உக்காரு, பலகையில இல்ல, தரையில உக்காரு!" எல்லோரும் தண்ணீரிலேயே உட்கார்ந்தோம். போட்டு நிமிர்ந்தது. உடம்பின் பாரம் கீழே இருந்தால் போட்டு சாயாது. நின்றால் சாயும். இதை அந்த அக்கா எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை.

அடுத்து அவர் செய்ததைக் கேளுங்கள். தன் கூடையைத் தூக்கினார். ஏரியில் போட்டார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நான்கு கூடைக் கருவாடு. அது எத்தனை நாள் காய வைத்ததோ! ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. பிறகு பையனின் சைக்கிளைப் பார்த்தார். பையன் அழுதான். சைக்கிளும் போனது. பிறகு எங்கள் மூட்டையைப் பார்த்தார். நைனா மூட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். மழையில் ஊறி அது இரண்டு மடங்கு கனத்திருந்தது. நைனா என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அப்போதும் சொல்லவில்லை.

ஓட்டுபவர் மூங்கில் கழியை ஊன்றிப் பார்த்தார். முதலில் கழி மண்ணைத் தொடவில்லை. காற்று எங்களைத் தெற்கே தள்ளிக்கொண்டு போனது. தெற்கே போனால் பழவேற்காடு. அங்கேதான் முகத்துவாரம். வெகு தூரம்தான். இருந்தாலும் அந்தப் பெயரை ஒருவர் சொன்னவுடன் எல்லோரும் அமைதியானார்கள். நம் ஊர் ஆற்று வெள்ளமும் சேர்ந்து கடலுக்கு இழுக்கிற நேரம் அது.

கொஞ்ச நேரத்தில் கழி மண்ணைத் தொட்டது. நெஞ்சளவு தண்ணீர். முன்னால் வலை கட்டுவதற்கு ஊன்றிய கம்புகள் தெரிந்தன. "கயிறு! கயிறு!" என்று ஓட்டுபவர் கத்தினார். போட்டில் இருந்த கயிறு பழசு. கட்டி இழுத்தவுடன் அறுந்துவிட்டது.

நைனா மூட்டையைப் பிரித்தார். கைலிகளை எடுத்து முறுக்கினார். ஒன்றோடு ஒன்று முடிச்சுப் போட்டார். அவர் தறிக்கார வீட்டுப் பிள்ளை. அவர் போட்ட முடிச்சு அவிழாது. இரட்டையாகப் பின்னி ஒன்பது கைலி. அதை அணியத்தில் கட்டி, நான்கு கம்புகளையும் சேர்த்து வளைத்துக் கட்டினார்கள். போட்டு மெதுவாகத் திரும்பியது. காற்றுக்கு முகம் கொடுத்து நின்றது. அலை முன்பக்கம் மோதி இரண்டாகப் பிரிந்து போனது.

நெஞ்சளவு தண்ணீர்தானே, இறங்கி நடக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். "சேறு. கால வச்சா முழங்காலு வரைக்கும் இழுக்கும். கொழந்தைங்கள வச்சிக்கிட்டு எறங்கக் கூடாது" என்றார் ஓட்டுபவர். டீ கேன், டிபன் டப்பா, கையில் கிடைத்த எல்லாவற்றாலும் தண்ணீரை இறைத்தோம். உயிர் காக்கும் சட்டை இல்லையா? இருந்தது. நான்கு இருந்தது. எங்கே? இன்ஜின் பலகைக்கு அடியில், மேலே உட்கார மெத்தை மாதிரி மடித்து வைத்திருந்தார்கள். ஒன்றை எடுத்துக் காய்ச்சல் குழந்தையைச் சுற்றிக் கட்டினோம். அதற்கு அது ரொம்பப் பெரியது. கால் வழியாக நழுவிவிடாமல் அதன் அம்மா முந்தானையால் இறுக்கிக் கட்டினாள்.

ஒன்றரை மணி நேரம் அப்படியே இருந்தோம். மழை குறைந்தது. காற்று தணிந்தது. இருட்டிவிட்டது. ஓட்டுபவரும் இரண்டு ஆண்களும் கழி ஊன்றியே போட்டைக் கரைக்குக் கொண்டு வந்தார்கள். குழந்தையை ஆட்டோவில் சூளூர்பேட்டைக்குக் கொண்டு போனார்கள். பிறகு நல்லபடியாக இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

எங்களுக்கு அதிர்ஷ்டம் இருந்தது. எல்லோருக்கும் இருப்பதில்லை. 2011 டிசம்பர் 25-ஆம் தேதி, கிறிஸ்துமஸ் நாள். அதே பழவேற்காடு ஏரியில், தமிழ்நாட்டுப் பக்கம், ஒரு போட்டு கவிழ்ந்தது. சுற்றிப் பார்க்க வந்தவர்கள். 22 பேர் இறந்தார்கள். அளவுக்கு மேல் ஏற்றியிருந்தார்கள். உயிர் காக்கும் சட்டை யாரும் போட்டிருக்கவில்லை. 2009 செப்டம்பர் 30-இல் கேரளாவில் தேக்கடி ஏரியில் 45 பேர் இறந்தார்கள். கரையில் மிருகங்களைப் பார்ப்பதற்காகப் பயணிகள் ஒரு பக்கமாக நகர்ந்தார்கள், போட்டு கவிழ்ந்தது என்று சொன்னார்கள். 2019 செப்டம்பர் 15-இல் நம் கோதாவரியில், கச்சுலூரு அருகில், பாபிகொண்டலு பார்க்கப் போன போட்டு முழுகியது. நாற்பதுக்கும் அதிகமானோர் இறந்தார்கள். ஆற்றில் வெள்ளம் ஓடிய நேரம் அது.

இதையெல்லாம் படித்த பிறகு என்னுடைய பழக்கம் கொஞ்சம் மாறிவிட்டது. ஏறுவதற்கு முன்னால் தலையை எண்ணுகிறேன். சட்டை எங்கே என்று கேட்கிறேன். ஏறியவுடன் போட்டுக்கொள்கிறேன். தண்ணீரில் விழுந்த பிறகு அதை மாட்ட முடியாது. வேறு துணிக்கு அடியில் போடக் கூடாது, மேலேதான் போட வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்கும் ரேடியோவிலும் போனிலும் வானிலைச் செய்தி கேட்டுவிட்டுக் கிளம்புகிறேன். துறைமுகங்களில் புயல் கூண்டு ஏற்றுவார்கள். ஒன்று முதல் பதினொன்று வரை உண்டு. ஒன்று என்றால் தூரத்தில் எங்கோ. எண் கூடக் கூட ஆபத்து அதிகம். பத்து என்றால் பெரிய அபாயம். பதினொன்று என்றால் வானிலை நிலையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது, நிலைமை மிக மோசம் என்று அர்த்தம். அவசரத்துக்கு 112 என்ற நம்பரைக் கூப்பிடலாம். போனைப் பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். அன்று என் போன் தண்ணீரில் செத்துவிட்டது.

நோட்டும் நனைந்தது. அது ஒரு தனிக் கதை. வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தேன். பேனாவால் எழுதின பக்கங்கள் எல்லாம் நீலமாகக் கரைந்துவிட்டன. யார் எவ்வளவு பாக்கி, ஒன்றும் தெரியவில்லை. நடுவில் நான்கு பக்கம் மட்டும் அப்படியே இருந்தது. ஒரு நாள் பேனா தீர்ந்து போய்ப் பென்சிலில் எழுதியிருந்தேன். பென்சில் எழுத்து தண்ணீரில் கரையாது. உங்கள் கையில் பென்சில் கொடுத்து எழுத வைக்கிறோமே, அது குழந்தைப் பிள்ளைகளின் பொருள் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

அடுத்த ஜனவரியில் மறுபடி தீவுக்குப் போனோம். நோட்டு அழிந்துவிட்டது என்று நைனா திண்ணையில் உட்கார்ந்து எல்லோரிடமும் சொல்லிவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. இப்படியா உண்மையைச் சொல்வது? வந்தவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் பாக்கியைத் தாங்களே சொன்னார்கள். நைனாவின் தலைக்குள் இருந்த கணக்கோடு ஒத்துப் போனது. இரண்டு பேர் மட்டும் 50 ரூபாய் குறைத்துச் சொன்னார்கள். நைனா விட்டுவிட்டார். 600 ரூபாய்க்காரரும் அன்று கொடுத்தார்.

கருவாட்டுக்கார அக்கா வந்தார். நைனா ஒரு புதுக் கைலியும் துண்டும் எடுத்து அவர் வீட்டுக்காரருக்கு என்று கொடுத்தார். "காசு வேணாம்மா" என்றார். அக்கா வாங்கவில்லை. "சும்மா எதுக்கு? நோட்டுல எழுது. மாசம் நூறு குடுக்கறேன்" என்றார். நான் பென்சிலில் எழுதினேன்.

அப்புறம் அவரிடம் நான் சொன்னேன். "அக்கா, அந்தப் போட்டுல பத்துப் பேருக்கு மேல ஏறக் கூடாதுன்னு எழுதியிருக்குது. நான் அன்னிக்கே படிச்சேன். சொல்லல" என்றேன். அக்கா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "அப்படியா எழுதியிருக்குது? நான் பத்தாம் நம்பர்னு நெனச்சேன்" என்றார். நைனாவைப் போலவே! பிறகு, "வா என்கூட" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு துறைக்குப் போனார். ஓட்டுபவரிடம், "இந்தப் பொண்ணு தமிழ்ல எழுதும். பெயிண்ட் எடு" என்றார்.

அவருக்கு இஷ்டமில்லை. "பத்துப் பேரு ஏத்தினா டீசலுக்கே கட்டாது" என்றார். அது பொய் இல்லை. டீசல் விலை நமக்கும் தெரியும். "அப்போ ரெண்டு நடை போ. ஆளுக்கு அஞ்சு ரூபா சேத்து வாங்கிக்கோ" என்றார் அக்கா. சுற்றி நின்ற பெண்கள் சரி என்றார்கள். "பத்துல நானும் சேத்தியா?" என்று கேட்டார் ஓட்டுபவர். அதற்குக் கொஞ்ச நேரம் சண்டை நடந்தது. சேர்த்திதான் என்று முடிவானது.

தெலுங்கு எழுத்துக்குக் கீழே நான் தமிழில் எழுதினேன். 'பத்துப் பேருக்கு மேல் ஏறக் கூடாது.' பெரிய எழுத்து. சிவப்பு பெயிண்ட். பிரஷ்ஷுக்கு முடியே இல்லை, அதனால் எழுத்து கோணலாக வந்தது. ஓட்டுபவரின் மகள் இரண்டாவது படிக்கிறாள். பக்கத்தில் நின்று ஒவ்வொரு எழுத்தாகச் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தாள். முடித்துவிட்டு எழுந்தேன். அவள் போட்டைக் காட்டி, "அக்கா, மேல்-ல ல்-க்குப் புள்ளி வைக்கல" என்றாள். மறுபடி குனிந்து புள்ளி வைத்தேன்.